ஏப்பம் பிடிக்கும் டப்பா

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. நல்ல சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொள்கிற ரகம். ஆனால் இப்போது தர மாட்டேன். அது கடைசியில்தான் வரும். அதற்குள் நீங்கள் ஒரு கார் எஞ்சினின் அடிவயிற்றில் இறங்கி, எண்ணெய்ப் புகையை முகர்ந்து, கையெல்லாம் பிசுபிசுத்து வெளியே வந்தாக வேண்டும். அவசரக்காரர்கள் கடைசிப் பத்திக்குத் தாவலாம். ஒன்றும் புரியாது. அதுதான் அவர்களுக்குத் தண்டனை.

மெத்தைக்கடை மேனேஜருக்கு இரண்டு குரல். கடையில் ஒன்று. "படுத்துப் பாருங்க சார்... அப்படியே... கண்ணை மூடுங்க..." என்று பஞ்சுக்கு வாய் முளைத்த மாதிரி பேசுவார். வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே தூங்கிப்போவார்கள். வீட்டுக்கு வந்து காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னொரு குரல். அதில் தூங்குகிறவர் யாருமில்லை, எழுந்து ஓடுகிறவர்கள்தான்.

கார் டர்போ வைத்த கார். சாவியை இடுப்பு பெல்ட்டில் மாட்டியிருப்பார். குளிக்கப் போகும்போது குளியலறை ஆணியில் மாட்டுவார். வீட்டிலிருந்து தும்மினால் கடையில் கேட்கும், அவ்வளவுதான் தூரம். இருந்தாலும் தினமும் காரில்தான் போவார். காருக்குக் கண் முழிப்பு வருவதற்குள் கடை வந்துவிடும்.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனை லேபில் மேற்பார்வை. ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவி, ஆள் என்ன சாப்பிட்டான், எதை மறைக்கிறான் என்று சொல்லிவிடும் வேலை. வீட்டில் அதிகம் பேச மாட்டார். பேசினாலும் ஊசி போடுகிறவர்கள் பேசுகிற மாதிரி, "ஒண்ணுமில்ல, சும்மா எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்கிற தொனி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தத் தொனி வந்தது.

"ஏங்க, நாளையிலேர்ந்து எங்க லேபு பைபாஸைத் தாண்டிப் போகுது."

"போகட்டும்."

"லேபு போனா நானும் போகணுமில்ல."

"போ."

"ரெண்டு பஸ் மாறணும். ஏழு மணிக்கு நான் கதவைத் தொறக்கலேன்னா, ரத்தம் கொடுக்க வந்தவங்க வெறும் வயித்தோட வாசல்ல நிப்பாங்க. போன தடவை ஒருத்தர் மயங்கி என் மேலயே விழுந்தார்."

"பாவம்."

"என்னைச் சொல்றீங்களா, அவரையா?"

பேச்சு எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்து, மேனேஜரின் கை தானாக இடுப்புச் சாவிக்குப் போயிற்று.

"சாவியைக் கொடுத்தீங்கன்னா நானே ஓட்டிட்டுப் போயிடுவேன்ங்க. உங்களுக்கு முன்னாடியே லைசென்ஸ் வாங்கினவ நான்."

"லைசென்ஸ் வேற, டர்போ வேற. உனக்கு ஏப்பம் தெரியுமா?"

"கல்யாணம் ஆனதிலேர்ந்து கேட்டுட்டுதானே இருக்கேன்."

"என்னுதில்ல. எஞ்சினோடது."

அப்புறம் அவர் விளக்கினார். சிரிப்பைத் தள்ளிப்போட இதைவிட நல்ல இடம் கிடையாது என்பதால் நாமும் கேட்டுவிடலாம்.

எஞ்சினுக்குள் பெட்ரோல் வெடிக்கிறது. அந்த வேகம் பிஸ்டனைத் தள்ள வேண்டும். அதில் கொஞ்சம் வாயு மட்டும் வேலை செய்யாமல் பிஸ்டனின் ஓரமாகக் கீழே நழுவிவிடும். கீழே எண்ணெய் இருக்கிற அறை. கிராங்க்கேஸ் என்று பேர். சூடான எண்ணெயும் நழுவி வந்த வாயுவும் சேர்ந்தால் புகை. அடைத்து வைத்தால், அது ரப்பர் சீல்களைப் பிய்த்துக்கொண்டு எண்ணெயோடு வெளியே வரும். அதனால் ஒரு குழாய் வைத்து, அந்தப் புகையை மறுபடி எஞ்சினின் மூக்குக்கே அனுப்பிவிடுகிறார்கள். அதாவது, தான் விட்ட ஏப்பத்தைத் தானே விழுங்க வேண்டும். சாதாரண எஞ்சினுக்குச் சின்ன ஏப்பம். டர்போ என்பது வேண்டாம் வேண்டாம் என்றாலும் காற்றை வாயில் திணித்து ஊட்டிவிடுகிற சமாச்சாரம். ஊட்டினால் ஏப்பம் பெரிதாகத்தான் வரும். அதில் வருகிற எண்ணெய், போகிற வழியெல்லாம் ஒட்டிக்கொண்டு, வால்வுகளின் மேல் கரியாகக் குந்திக்கொள்ளும்.

"இதெல்லாம் தெரிஞ்சவன்தான் இந்த வண்டியைத் தொடணும். டுர்ர்ருனு போனாப் போதுமா? உள்ள ப்ஸ்ஸ்னு ஒரு சத்தம் வரும், அது காதுல விழணும்."

"சரி. அப்ப நீங்களே கொண்டுபோய் விடுங்களேன்."

"விடியறதுக்குள்ள எழுந்து, பைபாஸுக்கா? என் வண்டி என்ன டவுன் பஸ்ஸா? நான் கடையையும் பாக்கணும், தூக்கத்தையும் பாக்கணும்."

"ரெண்டையும் ஒரே எடத்துலதானே பாக்கறீங்க."

இருந்தாலும் சாவி இடுப்பை விட்டு இறங்கவில்லை. மறுநாள் காலை அவர் மனைவி டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. மேனேஜர் போர்வைக்குள்ளிருந்தபடியே வெற்றி என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு மூன்று நாள் கழித்து, மேனேஜர் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மனைவி மறுநாளைக்குக் காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஏங்க, அந்த ஏப்பம் சொன்னீங்களே. அதை மறுபடி முழுங்க விடாம நடுவுல ஏதாவது டப்பாவுல புடிச்சு வைக்க முடியாதா?"

"புடிச்சு?"

"புடிச்சுப் பாத்தா, உள்ள என்ன நடக்குதுன்னு தெரியுமில்ல. எங்க லேபுல அப்படித்தான். எதுவா இருந்தாலும் முதல்ல ஒரு டப்பாவுல புடிச்சுக் கொடுங்கம்போம்."

மேனேஜர் மெல்வதை நிறுத்தினார். இதை இத்தனை நாள் யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று தோன்றியது. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அதைத் தானே கண்டுபிடித்ததாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் எந்நேரமும் உதட்டில் ஒரு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு பேசுகிறவர். உதட்டை மூடினால்தான் வருகிற எழுத்து ஒன்றும் அவர் வாயில் வராது.

"டர்ஓ வண்டிக்கு டஆ நல்லதுங்க."

"என்ன நல்லது?"

"டஆ. ஏஹ்ஹங் ஹுடிக்கிற டஆ."

"டப்பாவா?"

"அதேதாங்க. ஓட்டுடலாங்க. நாளைக்கே ஓட்டுடலாங்க. அடிக்கடி தொறந்து காலி ஹண்ணணுங்க, அவ்வளவுதாங்க."

ஓட்டியாயிற்று, அதாவது போட்டாயிற்று. எஞ்சின் பக்கத்தில், ஏப்பக் குழாயின் நடுவில், கையளவு அலுமினிய டப்பா. ஒரு பக்கம் புகை உள்ளே போகும். உள்ளே இருக்கிற கம்பி வலையில் எண்ணெய் ஒட்டிக் கீழே சொட்டும். மறுபக்கம் சுத்தமான காற்று வெளியே போகும். மேனேஜர் தினமும் பானெட்டைத் திறந்து அதைத் துணியால் துடைத்தார். கல்யாண மோதிரத்தைக்கூட அவர் அப்படித் துடைத்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டப்பாவைக் கழற்றி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கவிழ்த்தார். தங்க நிறத்தில் எண்ணெய் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது பால் காபி. அதுவும் ஆறி ஆடை கட்டிய பால் காபி. கொழகொழவென்று விழுந்தது.

மேனேஜர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா. இங்க வாயேன். வண்டிக்கு என்னமோ ஆயிடுச்சு."

மனைவி வந்து குனிந்து பார்த்தார். முகர்ந்தார். ஒரு குச்சியால் தொட்டு இழுத்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரிப்போர்ட் வாங்க வந்தவர்களிடம் அவர் காட்டுகிற முகம் அது.

"கொஞ்சம் எடுத்துட்டுப் போறேன். பாத்துச் சொல்றேன்."

"பயப்படும்படியா ஏதாவது..."

"இப்பவே ஒண்ணும் சொல்றதுக்கில்லை."

அன்றைக்கு மேனேஜருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் கடையில் யாரையும் மெத்தையில் படுக்கச் சொல்லவில்லை. தானே படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். சாயங்காலம் மனைவி இரண்டு பஸ் மாறி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மேனேஜர் வாசலில் நின்றார்.

"என்ன வந்தது?"

"உக்காருங்க."

"நிக்கறேன். சொல்லு."

"தண்ணி."

"என்ன தண்ணி?"

"பாதிக்கு மேல தண்ணிங்க. எண்ணெயும் தண்ணியும் கலந்து அடிச்ச மாதிரி இருக்கு. வண்டியைக் கிளப்பறீங்க, உள்ள ஆவி வருது, சூடேறி அது வெளிய போறதுக்குள்ள கடை வந்துடுது, நிறுத்திடறீங்க. ஆவி குளுந்து தண்ணியாகுது. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா." செருப்பைக் கழற்றினார். "நடக்கவே நடக்காத பேஷண்ட்டு மாதிரி."

"இதுக்கு என்ன பண்றது?"

"எனக்கு எப்படித் தெரியும்? மனுஷனா இருந்தா, காலையில ஒருதரம் சாயங்காலம் ஒருதரம், வேர்க்க வேர்க்க நடங்கன்னு சொல்லுவோம்."

அவ்வளவுதான் சொன்னார். புடவை மாற்ற உள்ளே போய்விட்டார்.

மேனேஜர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அப்புறம் அவர் எடுத்தது சாதாரண முடிவில்லை. அது சபதம். இனிமேல் கடைக்கு நடந்துதான் போவது. காரைத் தினமும் இரண்டு வேளை பைபாஸில் நிறுத்தாமல் ஓட்டி, எஞ்சினுக்கு வேர்க்க வைப்பது. தண்ணியை ஆவியாக்காமல் விடுவதில்லை.

மறுநாள் விடியுமுன்னே எழுந்தார். மனைவி பையோடு படியிறங்கிக்கொண்டிருந்தார்.

"எங்கங்க இந்நேரத்துக்கு?"

"பைபாஸுக்கு. எஞ்சின் சூடாகணும்."

"நல்லது. போயிட்டு வாங்க. நான் பஸ்ஸுக்குக் கிளம்பறேன்."

மேனேஜர் காரைக் கிளப்பினார். பின்சீட்டைக் கண்ணாடியில் பார்த்தார். காலி. காலி வண்டி என்றால் எஞ்சினுக்கு வேலை குறைவு. வேலை குறைந்தால் சூடு குறைவு. இறங்கி ஓடினார்.

"ஏய், நில்லு. நீயும் வா."

"நான் எதுக்குங்க? உங்க டர்போவுக்கு நான் ஆகமாட்டேனே."

"உன்னை ஓட்டவா சொன்னேன்? உக்காரு. உன் எடை வேணும்."

"என் எடையா?"

"தப்பா எடுத்துக்காத. லோடு இருந்தாத்தான் எஞ்சின் முக்கும். முக்கினாத்தான் சூடேறும்."

"காலங்காத்தால பொண்டாட்டியைப் பாத்து லோடுங்கறீங்க. வேணாங்க. பஸ்ஸுல என்னை யாரும் அப்படிச் சொல்றதில்ல."

"உன் கால்ல விழறேன். லேபு வாசல் வரைக்கும் வா. எப்படியும் அங்கதான் யூ-டர்ன் எடுக்கணும்."

மனைவி யோசித்தார். பஸ் வருகிறதா என்று தெருமுனையைப் பார்த்தார். இன்னொரு தரம் யோசித்தார்.

"உங்களுக்காகத்தான் வர்றேன்," என்று ஏறினார்.

இப்படியே பழக்கமாயிற்று. முன்சீட்டில் உட்கார்ந்தால் மனைவி ஏசியைத் திருப்புவார், மெல்ல ஏதாவது பாட்டு முணுமுணுப்பார். எஞ்சினின் ப்ஸ்ஸ் காதில் விழாது. "நீ பின்னாடியே உக்காந்துக்க," என்றார் மேனேஜர். மனைவி கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் போனார். அங்கே காலை நீட்டிக்கொண்டு தூங்கவும் வசதியாக இருந்தது.

சாயங்காலமும் ஒரு ஓட்டம். கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டுப் போவார். லேப் இருக்கிற கட்டடத்தின் பின்முற்றத்தில் நிழலான இடம், அங்கே நிறுத்துவார். மனைவி இறங்கி வரத் தாமதமாகும். முற்றத்தில் ஒரு நீள பெஞ்ச். அதில் நாலைந்து பேர் எப்போதும் இருப்பார்கள். எல்லாரும் கார் தெரிந்தவர்கள். வாழ்க்கையில் முதல்முறையாக மேனேஜருக்கு ஆட்கள் கிடைத்தார்கள்.

"உங்க வண்டி எஞ்சின் ஆவி எங்க போகுதுன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?" என்று ஆரம்பிப்பார்.

யாரும் எழுந்து ஓடவில்லை. எழுந்து ஓட அவர்களுக்கு அனுமதி இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

"அண்ணே, எங்க சார் வண்டிலயும் இதே டர்போதான்," என்றார் பெருத்த மீசைக்காரர். இதய டாக்டர் வண்டியில் வருகிறவர்.

"டப்பா போட்டாச்சா?"

"அவர் போடுவாரா? சட்டினியில உப்புக் கொறஞ்சாலே..." என்று ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"எங்க வீட்டம்மாவும் முதல்ல இப்படித்தான்," என்றார் மேனேஜர். "இப்பப் பரவாயில்ல. சொன்னாப் புரிஞ்சுக்கறாங்க."

மீசைக்காரர் அவரை மரியாதையோடு பார்த்தார். "குடுத்து வெச்சவருண்ணே நீங்க. எங்களுக்கெல்லாம் சொல்லிப் புரியவைக்கிற உரிமை ஏது?"

மேனேஜர் அதை இல்லறத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். நாலரைக்கு முற்றத்துக்கு டீ வரும். யார் அனுப்புகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. கார் ரசிகர்களை மதிக்கிற நல்ல கட்டடம் என்று நினைத்துக்கொண்டார்.

டப்பாவும் மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கழற்றிக் கவிழ்த்தால் கொழகொழப்பு இல்லை, ஆடை இல்லை. கிண்ணத்தின் அடியில் சில சொட்டு மட்டும், தேன் நிறத்தில், வெயிலில் மின்னியது. கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"பாத்தியா? தண்ணி ஒரு பொட்டு இல்ல."

மனைவி எட்டிப் பார்த்தார். "பூரண குணம்."

"அன்னிக்கு நீ கேட்டப்ப சாவியைக் கொடுத்திருந்தேன்னா?"

"ஐயோ. நெனைச்சாலே பயமா இருக்குங்க."

"ஒரு நாளும் கொடுக்க மாட்டேன்."

"கொடுக்காதீங்க," என்றார் மனைவி. "நான் கேக்கவும் மாட்டேன். உங்க வண்டி, உங்க கை. எனக்கு என்ன தெரியும்?"

சாவி பெல்ட்டில் ஆடிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் இப்படி ஒரு வெற்றி எத்தனை புருஷர்களுக்குக் கிடைத்திருக்கும் என்று நினைத்தபடி அவர் கிண்ணத்தைக் கழுவப் போனார். கூடவே மற்ற பாத்திரங்களையும் கழுவச் சொல்லியிருந்தார் மனைவி, கழுவினார்.

மறுநாள் சாயங்காலம் முற்றத்தில் வழக்கம்போல் பேச்சு. வால்வில் கரி படிவது எப்படி என்று மேனேஜர் கையால் காட்டிக்கொண்டிருந்தார். அப்போது கட்டடத்தின் செக்யூரிட்டி அதிகாரி, இடுக்கியிருந்த கம்பு ஒரு பக்கமும் அட்டைப் பெட்டி ஒரு பக்கமுமாக வந்தார். பழைய போலீஸ்காரர், எதைச் சொன்னாலும் ஆளைப் பிடித்துக்கொண்டு போகிற குரல்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நாளையிலேர்ந்து சட்டை போடாம யாரும் இந்த முத்தத்துல நிக்கக் கூடாது. மேலிடத்து உத்தரவு."

மேனேஜர் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "போட்டிருக்கேனே."

"இது இல்லீங்க. இது." பெட்டியைத் திறந்தார். பாலிதீன் உறையில் மடித்த வெள்ளைச் சட்டைகள், தோளில் நீலப் பட்டை. மீசைக்காரருக்கு ஒன்று கொடுத்தார். பக்கத்தில் இருந்தவருக்கு ஒன்று. அவர்கள் பிரித்து உதறி மேலே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் கொடுத்தபின் கடைசியில் ஒன்று மிச்சம். அதை மேனேஜரின் மடியில் வைத்தார்.

மேனேஜர் சிரித்தார். "எனக்கு வேணாங்க. நான் சும்மா கொஞ்சம் உக்காந்துட்டுப் போறவன். ஏப்பம் விஷயமா வந்தேன்."

"ஏப்பமா?"

"எஞ்சின் ஏப்பம்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. லேப் மேடம் வண்டி ஓட்டறது நீங்கதானே?"

"வண்டி என்னுது."

"யாருதா இருந்தா என்னங்க, ஓட்டறது யாரு?"

மேனேஜர் பதில் யோசித்தார். உண்மையைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை.

"நான்தான்."

"அப்பப் போட்டுப் பாருங்க. தோள் சரியா இல்லேன்னா இப்பவே சொல்லிடணும், தையக்காரர் அப்புறம் திரும்பி வாங்க மாட்டார்."

மீசைக்காரர் உதவியாக உறையைப் பிரித்தார். இன்னொருவர் பின்னால் நின்று பிடித்துக்கொண்டார். மேனேஜரின் கைகள் தானாக உள்ளே போயின. தோள் சரியாக இருந்தது. கழுத்து சரியாக இருந்தது. கடைகளில் வாங்குகிற சட்டை எதுவும் அவருக்கு வயிற்றில் பொருந்தாது, இது பொருந்தியது.

"அளந்து தைச்ச மாதிரி இருக்கே அண்ணே," என்றார் மீசைக்காரர்.

"அளந்துதான் தைச்சது," என்றார் அதிகாரி. "டிரைவர்ங்க அளவெல்லாம் எப்பவோ வாங்கியாச்சு. தையக்காரர்தான் இழுத்தடிச்சிட்டார்."

"என் அளவை யாரும் எடுக்கலியே."

"மேடம் கொடுத்தாங்களே. லேபு இங்க வந்த முதல் நாளே என்கிட்ட வந்து சொல்லிட்டுப் போனாங்க."

மேனேஜரின் கை மூன்றாவது பொத்தானில் நின்றது. தலைக்குள் ஒவ்வொன்றாகப் பின்னால் போனார். யூ-டர்ன். எடை. தண்ணி. டப்பா. டப்பாவுக்கு முன்னால் போர்வை. போர்வைக்குள் அவர்.

"முதல் நாளா?" என்றார், கடைக்குரல்கூட அவ்வளவு மெதுவாக இருந்ததில்லை. "முதல் நாள் அவ பஸ்ஸுலதானே வந்தா?"

"பஸ்ஸுலதான் வந்தாங்க. நான்கூடக் கேட்டேன், டிரைவர் எங்கம்மான்னு. 'வீட்ல தயாராகிட்டு இருக்கார், கொஞ்ச நாள்ல வந்துடுவார்'னாங்க."